வடிய வேண்டிய கேக்கும் வடியக் கூடாத கேக்கும்

பெண்ணாடத்தையும் புவனகிரியையும் தொட்டுக்கொண்டுதான் வெள்ளாறு கடலுக்குப் போகிறது. மேற்கே, பெண்ணாடத்தை அடுத்த இறையூரில், சுற்றுவட்டாரக் கரும்பை நம்பி எழுந்தது அம்பிகா சர்க்கரை ஆலை. கிழக்கே, சிதம்பரத்துக்குப் பக்கத்தில், ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை வயல்களுள் ஒன்று புவனகிரி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஒன்று சாற்றிலிருந்து அழுக்கைப் பிரிக்கும் தொழில், மற்றது பூமியைத் துளைக்கும் தொழில். இந்த இரண்டின் ஆய்வகங்களிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: திரவம் வடியும்போது படியும் கேக், பின்னால் வரும் திரவத்தை எவ்வளவு மறிக்கிறது? ஆனால் எதிர்பார்க்கும் விடை நேர் எதிரானது. ஆலைக்காரருக்கு மறிப்பு குறையக் குறைய லாபம். ரிக்கில் இருப்பவருக்கு மறிப்பு கூடக் கூட நிம்மதி.

ஒரே அளவை இரு எதிர்த் தேவைகளுக்காக அளக்கும்போது சோதனை முறை எப்படியெல்லாம் வேறுபடுகிறது, எங்கே எதிர்பாராமல் கைகோக்கிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் ஆலைச் சோதனை. சாற்றைத் தெளியவைக்கும் கிளாரிஃபையரின் அடியில் தங்கும் அழுக்குச் சேற்றுக்கு ஆலையில் மட் என்று பெயர். சூடாக எடுத்த அந்த மட்டில், நன்றாக அரித்தெடுத்த சக்கைத்தூளை, அதாவது பகாசிலோவைக் கலந்து ஒரு வாளியில் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். பத்தில் ஒரு சதுர அடிப் பரப்புள்ள வட்டத் தகடு ஒன்று. அதன் முகத்தில் ஆலையின் சுழலும் டிரம் வடிகட்டியில் இருக்கும் அதே துளைத்தகடு. பின்புறம் வெற்றிடக் குழாய். முகம் கீழ்நோக்க, தகட்டை மட்டுக்குள் இறக்கி வால்வைத் திறந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். முதலில் கலங்கலாக வரும் சாறு சில நொடிகளில் தெளியும். சுமார் ஒரு நிமிடம் கழித்துத் தகட்டைத் தூக்கினால், விரல் தடிமனில் கருங்கேக் ஒட்டியிருக்கும். அதன்மேல் வெந்நீர் தெளித்து, காற்றை உறிஞ்சவிட்டு, கத்தியால் சுரண்டி எடுத்து, தடிமனையும் ஈரத்தையும் அதில் தங்கிவிட்ட சர்க்கரையையும் குறிப்பார்கள். டிரம் ஒரு சுற்றில் செய்யும் வேலை முழுவதையும் கையால் நடித்துக் காட்டும் சோதனை இது.

அடுத்தது கிணற்றுச் சோதனை. இங்கே எதையும் நடித்துக் காட்டும் முயற்சி இல்லை. உருளை வடிவக் கலம் ஒன்று; அடியில் கம்பிவலை; அதன்மேல் கெட்டியான வடிதாள். கலத்தில் துளையிடு சேற்றை, அதாவது துளையிடும்போது கிணற்றை நிரப்பி நிற்கும் களிமண் கலவையை ஊற்றி, மூடியை இறுக்கி, சிறு கார்பன் டை ஆக்ஸைடு குப்பியிலிருந்து 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுப்பார்கள். அடியில் வைத்த அளவுக் குழலில் வடிநீர் சொட்டுச் சொட்டாக விழும். சரியாக 30 நிமிடம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த நெறி இது. ரிக்கில் இதன் பெயரே ஏ.பி.ஐ. சோதனைதான். தாளின் பரப்பு 7.1 சதுர அங்குலம். வடிந்தது எத்தனை மில்லிலிட்டர், தாளில் படிந்த கேக் ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் எத்தனை பங்கு என்ற இரண்டு எண்கள் மட்டும் அறிக்கையில் ஏறும். கேக் உறுதியா, மெத்தென்றிருக்கிறதா, ரப்பர் போல இழுபடுகிறதா, வழவழப்பா என்பதையும் விரலால் தொட்டு எழுதிவைப்பார்கள். கருவிகள் எவ்வளவு வந்தும் இந்த விரல் அறிக்கையிலிருந்து நீங்கவில்லை. ஆலையிலும் டிரம்மிலிருந்து விழும் கேக்கை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்காத ஷிஃப்ட் கெமிஸ்ட் கிடையாது.

கணக்கில் இரண்டும் உறவினர்கள். பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீருக்காக ஹென்றி தார்சி மணல் நிரப்பிய உருளைகளில் நீரைச் செலுத்தி, 1856இல் வெளியிட்ட விதிதான் இரண்டுக்கும் பாட்டன். வடிகட்டலில் கேக் வளர்ந்துகொண்டே போவதால், வடிந்த அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். இதை வேதிப் பொறியியல் பக்கத்திலிருந்து பி.எஃப். ரூத்தும் கூட்டாளிகளும் 1930களில் நிலைநாட்டினார்கள். துளையிடு சேற்றுக்கு அதே உறவு பொருந்துவதை அதே பத்தாண்டின் முடிவில், 1938இல், லார்சன் காட்டினார். ஒருவர் அக்கறை வேகம். மற்றவர் அக்கறை தடை.

இந்த ஒற்றை உறவை இரு ஆய்வகங்களும் பயன்படுத்தும் விதம் வேறு. ஆலைப் பக்கம் பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை வடிந்த அளவைக் குறித்து, நேரத்தைக் கன அளவால் வகுத்து, அந்த ஈவைக் கன அளவுக்கு எதிராக வரைவார்கள். நேர்கோடு கிடைக்கும். கோட்டின் சாய்வு கேக்கின் தன்எதிர்ப்பைத் தரும். கோடு அச்சை வெட்டும் இடம் துளைத்தகட்டின் எதிர்ப்பைத் தரும். கேக் வேறு, தகடு வேறு என்று பிரித்துச் சொல்லிவிடும் முறை இது. கிணற்றுப் பக்கம் கோடு வரைவதில்லை. 30ஆவது நிமிடத்துப் புள்ளி ஒன்று போதும். அவசரமென்றால் ஏழரை நிமிடத்தில் நிறுத்தி, வடிந்ததை இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள். ஏழரையின் நான்கு மடங்கு முப்பது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ரூத் வரைபடமாகப் போட்டதை ரிக்கில் இருப்பவர் வாய்ப்பாடாக்கிக்கொண்டார்.

இரண்டு முறையிலும் முதல் சில நொடிகள் கணக்குக்கு அடங்காதவை. ஆலையில் கேக் உருவாகும் முன்பு துளைகள் வழியே நுண்துகள்கள் தப்பி ஓடும். வரைபடத்தின் முதல் புள்ளிகள் கோட்டில் உட்காராது. கிணற்றில் இதற்கு ஸ்பர்ட் என்று பெயர்: தாள் அடைபடும் முன்பு பீறிட்டு வரும் நீர். ஏழரை நிமிடக் குறுக்குவழி பொய்த்துப்போவது இந்த ஸ்பர்ட் அதிகமாக உள்ள சேற்றில்தான். ஒரே கோளாறு, இரு முகவரி.

எதிர்ப்பில் இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசி நொடியின் வடிவேகம் சராசரி வேகத்தில் பாதி என்பது வர்க்கமூல விதியிலிருந்து வருவது. அதை தார்சி விதியில் வைத்தால் கேக்கின் ஊடுருவுதிறன் கிடைத்துவிடும். ஏ.பி.ஐ. கலத்தில் 30 நிமிடத்தில் 10 மி.லி. வடிந்து, ஒரு மி.மீ. கேக் படிந்தது என்று கொள்வோம். விடை ஒரு மில்லிடார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆலைத் தகட்டில் ஒரு நிமிடத்தில் 8 மி.மீ. கேக், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 2.4 மி.லி. சாறு, வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் மூன்று பங்கு வெற்றிடம், சூட்டில் நீரின் பாகுநிலையில் பாதி என்று வைத்தால் விடை 27 மில்லிடார்சி அளவில் வரும். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆலைக்கு ஆலை, கிணற்றுக்குக் கிணறு மாறும். ஆனாலும் இடைவெளி முப்பதாயிரம் மடங்கு. ஒரே சூத்திரம் இந்த இரு கோடியையும் அசராமல் தாங்குகிறது.

இனி அழுத்தத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஒப்பீட்டின் சுவையெல்லாம் இங்கேதான். இரண்டு கேக்கும் அமுங்கும் இனத்தைச் சேர்ந்தவை. அழுத்தம் ஏறினால் துகள்கள் நெருங்கும், இடுக்குகள் ஒடுங்கும், எதிர்ப்பும் கூடவே ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதை அமுங்கு எண் சொல்லும். அது சுழி என்றால் கேக் மணல் மாதிரி. ஒன்றை நெருங்கினால் அழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை. கணக்கில் பாருங்கள்: அமுங்காத கேக்கில் அழுத்தத்தை இரட்டித்தால் அதே நேரத்தில் வடியும் அளவு 41 சதவீதம் கூடும். அமுங்கு எண் 0.5 என்றால் 19 சதவீதம். 0.8 என்றால் வெறும் 7 சதவீதம்.

ஆலைக்கு இது சாபம். வெற்றிடப் பம்பு எவ்வளவு இழுத்தாலும் ஒரு வளிமண்டலத்தைத் தாண்ட முடியாது. அந்தச் சிறு எல்லைக்குள்ளும் கேக் அமுங்கி வழியை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் டிரம் மட்டை அள்ளும் கட்டத்தில் வெற்றிடத்தைக் குறைவாகவும், கழுவி உலர்த்தும் கட்டத்தில் அதிகமாகவும் வைக்கிறார்கள். ஆலை ஆய்வகத்தில் 250 மி.மீ. பாதரசத்தில் ஒரு சோதனை, 500 மி.மீ.யில் ஒன்று என்று செய்து ஒப்பிட்டால் அந்த மட்டின் அமுங்கு குணம் தெரிந்துவிடும். கிணற்றுக்கோ இதே குணம் வரம். துளையில் சேற்றின் அழுத்தம் ஏறும்போதெல்லாம் சுவர்மேல் உள்ள பென்டோனைட் களிமண் கேக் தானே இறுகிக்கொள்கிறது. பாறைக்குள் நீர் கசிவது அழுத்தத்தின் அளவுக்கு ஏறுவதில்லை. மட்டைக் கெடுக்கும் குணமே சேற்றைக் காக்கிறது.

கேக்கைப் பிஸ்டனால் அமுக்கி, பிறகு அதன் வழியே நீரைச் செலுத்தி எதிர்ப்பை நேரடியாக அளக்கும் கலமும் உண்டு. ரூத்தும், 1950களில் எச்.பி. கிரேஸும் வளர்த்த முறை அது. நுட்பமானது, மெதுவானது, ஷிஃப்ட் வேலைக்கு ஆகாது.

கேக்கின் குணத்தை மாற்றச் சேர்க்கும் பொருள்களில் அடுத்த வியப்பு. ஆலை சேர்க்கும் பாலிமர் நுண்துகள்களைக் கொத்துக் கொத்தாகக் கோத்து, இடையே வழிவிடும். கிணறு சேர்க்கும் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், மாவுப்பொருள் போன்றவை களிமண் தகடுகளைக் கொத்தாகச் சேரவிடாமல் பிரித்துவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் படியவைக்கும். மிச்சமிருக்கும் இடுக்கையும் தாமே அடைக்கும். ஒரு தரப்பு கொத்தாக்கக் காசு கொடுக்கிறது; மறு தரப்பு கொத்தாகாமல் இருக்கக் காசு கொடுக்கிறது. ஆனால் கரும்புச் சக்கை இரு பக்கமும் வேலை செய்கிறது! ஆலையில் பகாசிலோ கேக்குக்குள் எலும்புக்கூடாக நின்று சாற்றுக்கு வழி திறக்கிறது. துளையிடுவோரின் கையேடுகளில், பாறை வெடிப்புக்குள் சேறு ஓடிப்போகும்போது அடைக்கப் பயன்படும் நார்ப்பொருள்களின் பட்டியலில் நறுக்கிய கரும்புத் தண்டும் இருக்கிறது. நாரின் அளவும் அது சிக்கும் இடமும் மாறினால், திறப்பதே அடைக்கும்.

கெட்டுப்போவதிலும் இரண்டும் ஒன்று. ஆறவிட்ட சாற்று மட்டில் லூகோனோஸ்டாக் கிருமி பெருகி டெக்ஸ்ட்ரான் என்ற கோந்தை உண்டாக்கும். பாகுநிலை ஏறி, நல்ல மட்டும் கெட்ட மட்டாகத் தெரியும். மாவுப்பொருள் கலந்த துளையிடு சேறும் புளிக்கும். கிருமிநாசினி சேர்க்காவிட்டால் நேற்று நல்லதாக இருந்த சேறு இன்று ஒழுகும். ஆக, மாதிரியை எடுத்த நேரத்தை எழுதாத அறிக்கை இரண்டு இடத்திலும் பயனற்றது. எனக்குத் தெரிந்தவரை ஆலை நோட்டுகளில் அதிகம் விடுபடுவது இந்தக் கட்டம்தான்.

சூட்டைக் கவனிப்போம். ஆலை மட்டைச் சோதிக்கும்போது 75, 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அறை வெப்பத்துக்கு ஆறினால் சாறு தடித்துவிடும். எதிர்ப்பு என்று நாம் எழுதுவதில் பாதி பாகுநிலையின் குற்றமாக இருக்கும். ஆழ்கிணற்றுக்கும் அறை வெப்பச் சோதனை போதாது. அதற்கென்று உயரழுத்த, உயர்வெப்பக் கலம் இருக்கிறது: மேலே 600 பி.எஸ்.ஐ., கீழே 100, வித்தியாசம் 500. வெப்பம் 149 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணமாகப் போகும். அதன் வடிபரப்பு ஏ.பி.ஐ. கலத்தில் பாதி என்பதால் வடிந்ததை இரட்டித்து எழுதுவார்கள். கீழே எதற்கு 100 பி.எஸ்.ஐ.? அது இல்லாவிட்டால் சுடுநீர் வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். இதே ஆவிதான் ஆலையிலும் எதிரி. 500 மி.மீ. வெற்றிடத்தில் நீர் சுமார் 72 டிகிரியிலேயே கொதித்துவிடும். 80 டிகிரி மட்டை அந்த வெற்றிடத்தில் இழுத்தால் பம்பு ஆவியைத்தான் இழுக்கும். ஒருவர் எதிரழுத்தம் கொடுத்துத் தப்பிக்கிறார். மற்றவர் வெற்றிடத்தைக் குறைத்தோ மட்டைச் சற்று ஆறவிட்டோ சமாளிக்கிறார்.

வடிக்கும் ஊடகத்தில்தான் உண்மையான பிரிவு. ரிக் ஆய்வகம் பாறைக்குப் பதில் தாளை வைக்கிறது. அது ஏமாற்று ஆகாது. கேக் அவ்வளவு இறுக்கமானது என்பதால், ஸ்பர்ட் அடங்கிய பிறகு அடியில் தாள் இருந்தாலும் பாறை இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆலையில் துளைத்தகட்டுக்குப் பதில் தாளை வைத்தால் சோதனையே வேறாகிவிடும். தகட்டின் துளைகள் பெரியவை. மட்டில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு சாற்றோடு திரும்பி ஓடுகிறது என்பதில் பாதிப் பிரச்சினை இருக்கிறது. தாள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். கல்லூரி ஆய்வகப் புனலில் மேலிருந்து மட்டை ஊற்றிச் செய்யும் சோதனையிலும் இதே சிக்கல், கூடுதலாக இன்னொன்று: கனத்த நார் முதலில் அடியில் படிந்து நல்ல படுகையாகிவிடும்; விடை ஆலைக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். முகம் கீழ்நோக்கிய தகடு இந்தப் பொய்க்கு இடம் தராது. துளையிடு சேறோ ஜெல்லாக நிற்கும் பொருள். மேலிருந்து ஊற்றினாலும் அரை மணிக்குள் அவ்வளவாகப் பிரியாது.

கேக்கின் தடிமனிலும் ஆசைகள் எதிரெதிர். ஆலைக்குத் தடித்த கேக் வேண்டும், மெல்லியது கத்திக்குச் சிக்காமல் டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ளும். கிணற்றுக்கு மெல்லிய கேக் வேண்டும், தடித்தால் துளைக்குழாய் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். வேலை முடிந்த பிறகு ஆலைக் கேக் பிரஸ்மட் என்ற பெயரில் டிராக்டரில் ஏறிக் கரும்பு வயலுக்கே உரமாகத் திரும்புகிறது. கிணற்றுக் கேக் சுவரிலேயே கிடந்து, எண்ணெய் வரவேண்டிய நேரத்தில் பகையாகிறது. அமிலம் விட்டோ துளைத்தோ அகற்ற வேண்டும்.

டிரம் வடிகட்டியின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலைக்காரர்கள் இன்றும் ஆலிவர் என்று அழைக்கும் அந்தக் கருவி கரும்புக்காகப் பிறந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலில், தாதுச் சேற்றை வடிப்பதற்காக எட்வின் ஆலிவர் உருவாக்கியது அது. ஆக நம் ஒப்பீட்டின் இரு தரப்புமே பூமியைத் தோண்டும் தொழிலுக்குக் கடன்பட்டவை.

எது மேலான சோதனை? எதிர்ப்பை அளப்பது என்ற சொல்லுக்கு நேர்மையாக இருப்பது ஆலையின் தகட்டுச் சோதனைதான். கேக்கையும் தகட்டையும் பிரிக்கிறது, பாகுநிலையைத் தனியே கணக்கில் எடுக்கிறது, கோடு நேராக வராவிட்டால் மாதிரியில் ஏதோ கோளாறு என்று உடனே காட்டிக்கொடுக்கிறது. ஏ.பி.ஐ. சோதனை எதிர்ப்பை அளப்பதில்லை. எதிர்ப்பின் விளைவை அளக்கிறது. ஆனால் அதனிடம் இருக்கும் ஒரு பலம் ஆலைச் சோதனையிடம் இல்லை. 350 மி.லி. நீரில் 22.5 கிராம் பென்டோனைட்டைக் கலந்தால் வடிநீர் 15 மி.லி.யைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரி, உலகில் எந்த ஊர் ஆய்வகத்திலும் ஒரே பொருள் தருகிறது. ஆலைகளில் ஒருவர் 300 மி.மீ. வெற்றிடத்தில் செய்கிறார், ஒருவர் 500. ஒருவர் துளைத்தகடு, ஒருவர் தாள். ஒருவர் சூடாக, ஒருவர் ஆறியபின். எண்கள் ஆலைச் சுவரைத் தாண்டி எங்கும் செல்லுபடியாவதில்லை.

நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளின் ஆய்வகத்தார் உட்கார்ந்து பேசினால் ஒரு நாளில் தீரும் வேலை இது. பத்தில் ஒரு சதுர அடித் தகடு, ஆலையின் துளைத்தகடே முகம், 300 மி.மீ. வெற்றிடம், 75 டிகிரி, 60 நொடி, மாதிரி எடுத்து பத்து நிமிடத்துக்குள் சோதனை: இவ்வளவும் இருந்தால் போதும். வேதிப் பொறியியல் துறை வைத்திருக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடுவராக இருக்கலாம். மாணவர்களுக்கும் வரைபடம் போட உண்மையான மட் கிடைக்கும். வரும் அரவைப் பருவத்திலேயே தொடங்கலாம்.